அப்பாவின் செட்டும் ஒரு முழ ஒயரும்

போன மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போதே வீட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். யாருடனோ பேசுகிறார் என்று நினைத்து, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். பேசவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசியின் அடியில் நாலைந்து ஊசித் துளைகள் இருக்குமே, அதன் வழியாகச் சீர்காழி கோவிந்தராஜன் பாடிக்கொண்டிருந்தார்.

வெண்கலக் குரல் அது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி அவர் பாட்டைப் போட்டால் அடுத்த டிவிஷன் வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் கொசு ரீங்காரம் அளவுக்குச் சுருங்கி, எழுபத்தாறு வயது மனிதரின் ஒரு காதுக்குள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அவருடைய பாட்டு செட் இருந்தது. மேலே அம்மா பின்னிய துணி, அதன் மேல் துன் பட்டத்துக்கு ஆசைப்படும் எந்த அரசியல்வாதியும் பொறாமைப்படும் அளவுக்கு மாலை போட்ட முருகன் படம். சிறு வயதிலிருந்தே அந்தப் படத்துக்கு அங்கேதான் இடம். அந்த செட்டைப் பார்த்துவிட்டு, அப்பாவின் காதில் இருந்த கைப்பேசியையும் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

போன தீபாவளிக்கு நான்தான் அவருக்கு இயர்போன் வாங்கிக் கொடுத்தேன். வலது காது அவருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் இடது பக்கத்தை மட்டும் மாட்டிக்கொள்வார். ஸ்டீரியோவில் பதிந்த பாட்டில் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் இருக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டினால் பாட்டில் பாதி போய்விடும். “மிருதங்கமே இல்லாம பாடுறாங்க, இப்பல்லாம் இப்படித்தான் போல” என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். பாட்டு மாறவில்லை அப்பா, பாதி உங்கள் சட்டைப் பையில் தொங்குகிறது என்று அவருக்கு விளக்கினேன். சரி சரி என்றார். அப்புறம் இயர்போனை எடுத்து வைத்துவிட்டார்.

அந்த செட் 1987-இல் வாங்கியது. அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனால் பால் ஊற்றிவிட்டு மதியம் திரும்புவார்கள். அந்த வருட போனஸை முன்பணமாகக் கொடுத்து, மீதியை மாதத் தவணையாக வைத்து, கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் அப்பா அதை எடுத்தார். கடை முதலாளியான தவுக்கே சின்ன லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்று எங்கள் லயம் முழுக்க வாசலில் நின்றது. ஆம்ப்ளிபையரும் ரேடியோவும் ஒன்றாய்ச் சேர்ந்த கனத்த பெட்டி, அதன் கீழே கேசட் டெக், இரண்டு பக்கமும் என் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். எல்லாம் ஜப்பான். தோட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கிற இஞ்சின் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். அதுவரை பாட்டு ஓடும். கடைசிப் பாட்டு பாதியில் இழுத்துக்கொண்டே போய் நின்றால் படுக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கை சிப்புட் என்றால், 1948 ஜூன் மாதம் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் தொடங்கிய ஊர். இல்லையென்றால் அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். எனக்கு அது கேசட் பதிந்து கொடுக்கிற கடை இருந்த ஊர். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 90 நிமிடக் கேசட்டில், பக்கத்துக்கு 45 நிமிடம் என்று கணக்குப் பார்த்துப் பதிந்து தருவார்கள். பக்கம் முடியும்போது பாட்டு வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்பா தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நிமிடம் எழுதுவார். சம்பளச் சீட்டுக்குக்கூட அவர் அவ்வளவு கணக்குப் பார்த்து நான் கண்டதில்லை.

தோட்டம் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறியது. நாங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்கு வந்தோம். செட்டும் கூடவே வந்தது. கேசட் டெக் சில வருடங்களுக்கு முன்னால் சுற்றுவதை நிறுத்தியது, அதோடு செட்டின் மேல் துணி விழுந்தது.

அன்று மாலையே அலமாரியைத் திறந்தேன்.

முதலில் டெக். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டேன். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், உடனே கை வைக்கக் கூடாது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கரிய பிசின். சக்கரத்தின் பள்ளத்தில் யாரோ தார் ஊற்றிய மாதிரி. தொட்டேன், விரலோடு ஒட்டி நூலாக நீண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்பா எழுந்து வந்து என் விரலைப் பிடித்து மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“பாலு வாசம் இல்லியே. இது கம்பெனி ரப்பரு.”

முப்பது வருடம் பால்மரத்தோடு இருந்தவர், முகர்ந்தே சொல்லிவிட்டார். பல டெக்குகளில் பெல்ட் செயற்கைப் பொருள்தான். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் சில வகைகள் இப்படித்தான் உருகும். புது பெல்ட் கிடைக்கும், கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உதிரிபாகக் கடைகளில் தேடினால் அளவுக்கு ஏற்ற ஒன்றை எடுத்துவிடலாம். ஆனால் கேசட்டுகளைப் பார்த்தேன். அவற்றின் சின்ன ஜன்னல் வழியாகவே தெரிந்தது, நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கின் தலையும் கெடும். டெக்கை மூடி வைத்தேன்.

ஆம்ப்ளிபையருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு, ரேடியோவைப் போடுவது. பின்பக்கத் தூசியை பிரஷ்ஷால் தட்டினேன். காற்றுத் துவாரத்தின் ஓரத்தில் காய்ந்துபோன பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருந்தன, எடுத்துப் போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் முன்பக்கம் மஞ்சள் விளக்கு எரிந்தது. கருகல் வாடை வருகிறதா என்று இரண்டு நிமிடம் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ட்யூனர் முள்ளை மெதுவாக நகர்த்தினேன். கரகரவென்று ஆரம்பித்து, மின்னல் எஃப்எம் வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கரிலும்.

ரேடியோ பாடினால் ஆம்ப்ளிபையர் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது. கெட்டது கேசட் டெக் மட்டும். பாட்டு வருகிற வாசல் ஒன்றுதான் அடைபட்டிருக்கிறது, வீடு இடியவில்லை. எத்தனை வீடுகளில் இந்த மாதிரி நல்ல செட்டுகள் “கெட்டுப்போச்சு” என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அடைபட்ட வாசலுக்குப் பதிலாக வேறு வாசல் பின்னால் இருக்கிறது. பழைய ஆம்ப்ளிபையர் எதை எடுத்தாலும் பின்பக்கம் ஜோடி ஜோடியாக வட்டத் துளைகள் இருக்கும். அமெரிக்காவின் ரேடியோ கார்ப்பரேஷன் 1930-களில் கொண்டுவந்த பிளக் முறை இது, ஆர்சிஏ என்ற பெயர் அந்தக் கம்பெனியின் சுருக்கம். வெள்ளை இடது, சிவப்பு வலது. சில செட்டில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே பெயர் எழுதியிருக்கும். அப்பாவின் செட்டில் ஃபோனோ, ஆக்ஸ், டேப் என்று மூன்று.

என் பையில் ஐபாட் இருந்தது. 2010-இல் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது, 160 ஜிகாபைட் கிளாசிக். 2014-இல் அந்த வகையை விற்பதையே நிறுத்திவிட்டார்கள், என்னுடையது இன்னும் ஓடுகிறது. நான் வருடக்கணக்காகச் சிடியிலிருந்து ஏற்றிய பாட்டு முழுக்க அதில். அப்பா கேசட்டில் வைத்திருந்த பக்திப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றி வைத்திருந்தேன். செட்டுக்கும் இதற்கும் 23 வருட வயது வித்தியாசம். ஆனால் ஐபாட்டின் தலையில் இருக்கிற 3.5 மில்லிமீட்டர் துளை, 1979-இல் சோனி வாக்மேன் வந்தபோதே இருந்த அதே துளை. ஒருபுறம் 3.5 மில்லிமீட்டர் பிளக், மறுபுறம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பிளக். அந்த ஒரு ஒயர் போதும்.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போனேன். கைப்பேசிக் கடைப் பையன் எடுத்த எடுப்பில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று தலை இருக்கிற ஒயரைக் கொடுத்தான். மஞ்சள் தலை வீடியோவுக்கு. மஞ்சளைச் சும்மா விட்டுவிட்டால் போகிறது என்று தோன்றும், ஆனால் விஷயம் பிளக்கின் மறுமுனையில் இருக்கிறது. நமக்கு வேண்டிய 3.5 பிளக்கில் கறுப்பு வளையம் இரண்டு இருக்கும். அந்த இரண்டு வளையமும் உலோகத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனி இடது பக்கம், நடு வலது பக்கம், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். வீடியோ ஒயரில் கறுப்பு வளையம் மூன்று, அதாவது நாலு துண்டு, எந்தத் துண்டு எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும்போது வளையத்தை எண்ணிப் பாருங்கள். பையன் உள்ளே போய்த் தேடி இரண்டு வளைய ஒயரைக் கொண்டுவந்தான். ஒரு முழம் இருந்தது. அலமாரிக்குள்ளேயே வைப்பதற்கு அது போதும்.

ஃபோனோ துளையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் தன் வாக்மேனை அவர் செட்டின் ஃபோனோவில் மாட்டினார். ஸ்பீக்கர் இருமியது. அடிச்சத்தம் மட்டும் குமுகுமுவென்று, பாட்டு என்று ஒன்றும் புரியவில்லை. ஃபோனோ என்பது இசைத்தட்டு முள்ளுக்காக. அந்த முள் கொடுக்கும் மின்சாரம் சாதாரணமாக 5 மில்லிவோல்ட் அளவுதான். அதனால் அந்த வாசலில் வருவதை ஆம்ப்ளிபையர் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கும். அதோடு, இசைத்தட்டில் பதியும்போது அடிச்சத்தத்தைக் குறைத்தும் கீச்சுச் சத்தத்தைக் கூட்டியும் பதிவார்கள், அதைச் சரிக்கட்ட ஃபோனோ வாசல் அடிச்சத்தத்தைக் கூட்டிக் கீச்சுச் சத்தத்தைக் குறைக்கும். ஐபாட்டோ அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று கொடுக்கும். அதைப் போய் நூறு மடங்கு பெருக்கினால் என்ன ஆகும்? ஆக்ஸ் அப்படியில்லை, வந்ததை வந்தபடி எடுத்துக்கொள்ளும். ஆக்ஸ் இல்லாத செட்டில் டேப் இன், சிடி, எது இருந்தாலும் சரி. டேப் அவுட்டில் மட்டும் மாட்டக் கூடாது, அது சத்தம் வெளியே போகிற வழி.

ஐபாட் கெட்டுவிடுமோ என்று அம்மா கேட்டார். கெடாது. இயர்போன் 16 ஓம், 32 ஓம் என்று இருக்கும், அதை அசைக்கத்தான் ஐபாட்டுக்குப் பலம் வேண்டும். ஆக்ஸ் துளையின் தடை பல ஆயிரம் ஓம். ஐபாட்டுக்கு அது சுமையே இல்லை.

எல்லாம் மாட்டினேன். டி.எம்.சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

நாதஸ்வரம் வந்தது. தவில் வந்தது. பின்னணியில் பெண்களின் குரல் வந்தது. சௌந்தரராஜன் மட்டும் வரவில்லை. அவர் பாட வேண்டிய இடத்தில், நாலு வீடு தள்ளி யாரோ கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி ஒரு நிழல் மட்டும் ஓடியது.

“என்னய்யா, பாடுறவரக் காணோம்?” என்றார் அம்மா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்பீக்கர் ஒயரைப் பார்த்தேன், சிவப்பும் கறுப்பும் சரியாகத்தான் இருந்தன. ஆக்ஸ் பிளக்கை அழுத்தினேன். ரேடியோவுக்கு மாற்றினேன், அறிவிப்பாளர் தெளிவாகப் பேசினார். மறுபடி ஆக்ஸ். நாதஸ்வரம் உண்டு, ஆள் இல்லை.

ஐபாட்டைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. அதற்குத் தடித்த ரப்பர் உறை போட்டிருந்தேன். புது ஒயரின் பிளக்குத் தலை பருமன். உறையின் ஓட்டைக்குள் அது முழுசாக இறங்கவில்லை. நகக்கண் அளவுக்கு உலோகம் வெளியே தெரிந்தது. அந்த நகக்கண் அளவில்தான் சௌந்தரராஜன் காணாமல் போயிருந்தார்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஸ்டீரியோ என்பதே புரிந்துவிடும். பாட்டைப் பதிகிறவர்கள் வாத்தியங்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பார்கள். பாடகரை நடுவில் வைப்பார்கள். நடுவில் என்றால் இரண்டு பக்கமும் ஒரே குரல், ஒரே அளவு. பிளக்கின் அடிப்பகுதி, அந்தப் பொதுவான கிரவுண்ட், இரண்டு பக்க மின்சாரமும் திரும்பிப் போகிற வழி. பிளக் முழுசாக இறங்காமல் அந்த வழி அறுந்துவிட்டால், இடதும் வலதும் ஒன்றை ஒன்று எதிர்த்து இழுக்க ஆரம்பிக்கும். வடம் இழுக்கும்போது இரண்டு பக்கமும் சம பலம் இருந்தால் வடம் நகராது அல்லவா? அதே கதை. இரண்டு பக்கமும் சமமாக இருப்பது பாடகர் குரல், அது ஒன்றுக்கொன்று கழிந்து மறைந்துவிடும். ஒரு பக்கத்தில் அதிகம் இருக்கும் வாத்தியம் மிஞ்சும். குரலின் எதிரொலி இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறு வேறாகப் பதிந்திருப்பதால் அந்த நிழல் மட்டும் தங்கும். கறுப்பு வெள்ளைப் படக் காலத்துப் பாட்டுகள் மோனோவில் பதிந்தவை, இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே. அவற்றைப் போட்டிருந்தால் அநேகமாக ஒன்றுமே கேட்டிருக்காது, செட்தான் போய்விட்டது என்று முடிவே கட்டியிருப்பேன்.

பாட்டில் வாத்தியம் கேட்டு ஆள் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால், வேறு எதையும் தொடாதீர்கள். பிளக்கை அழுத்துங்கள்.

உறையை உரித்துவிட்டு அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. கூடத்தின் நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் மத்தியில், ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து அவர் பாடினார். அம்மா கை எடுத்துக் கும்பிட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து சத்தம் வைக்கிற விஷயம். இரண்டு இடத்தில் சத்தம் கூட்டலாம், ஐபாட்டில் ஒன்று, ஆம்ப்ளிபையரில் ஒன்று. ஐபாட்டைக் குறைவாக வைத்து ஆம்ப்ளிபையரைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும், மழை பெய்கிற மாதிரி பின்னால் ஒரு ‘ஸ்ஸ்’. ஐபாட்டை உச்சத்துக்கு ஏற்றினால் சில பாட்டில் குரல் கிழியும். முக்கால் அளவுக்கு மேல், ஏறக்குறைய 80 சதவீதத்தில் ஐபாட்டை நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஆம்ப்ளிபையரின் குமிழில் பார்த்துக்கொள்வதுதான் என் பழக்கம். ஐபாட்டுக்குள் இருக்கும் ஈக்வலைசரையும் அணைத்துவிட வேண்டும், சின்ன இயர்போனுக்காக அடிச்சத்தத்தை ஏற்றுகிற வேலை பெரிய ஸ்பீக்கருக்குத் தேவையில்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தியைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக் காட்டினார்.

“பட்டையில மேலாக்க வெட்டுனா பாலு வராது. ஆழமா போனா மரத்துல காயம். ரெண்டுக்கும் நடுவுல கை நிக்கணும். அதானே?”

அதேதான் அப்பா. எந்த ஆடியோப் புத்தகமும் எனக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதைவிட நல்ல வழியும் ஒன்று ஐபாட்டில் இருக்கிறது. அடியில் இருக்கும் அகலமான 30 முனைத் துளையில் லைன் அவுட் உண்டு. அங்கிருந்து எடுத்தால் இயர்போனுக்கான ஆம்ப்ளிபையரைத் தாண்டிச் சத்தம் நேராக வரும். ஐபாட்டில் சக்கரத்தைத் திருப்பினாலும் சத்தம் கூடாது, குறையாது, எல்லாம் செட்டின் குமிழில்தான். அப்பாவுக்கு அதுதான் சரி என்று தோன்றியது, ஏனென்றால் அவர் கைக்குப் பழகியது அந்தக் குமிழ். ஊருக்குத் திரும்பியதும் அந்த ஒயரை வரவழைத்து அனுப்பினேன்.

ராத்திரி சார்ஜ் போட்டபடியே பாட்டு ஓடவிட்டபோது ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டது. நம் மின்சாரம் 50 சைக்கிள், அந்த முனகலும் அதே சுருதி. சார்ஜர் வழியாக ஒரு பாதை, ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு பாதை என்று இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால் இது வரும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. ஐபாட்டைத் தனியாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பிறகு மாட்டினால் தொல்லையே இல்லை. முடியாதவர்களுக்கு ஒயரின் நடுவில் போடுகிற சின்ன கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கிடைக்கும். இந்த முனகலுக்கு வைத்தியம் என்று யாராவது பிளக்கின் எர்த் முனையை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அதைப் போலவே, இரண்டு முனைப் பிளக்கை நம் மூன்று துளை சாக்கெட்டில் சொருகுவதற்காக மேல் துளையில் பேனாவையோ ஐஸ்கிரீம் குச்சியையோ விட்டு அழுத்துகிற வழக்கமும் வேண்டாம். எங்கள் வீட்டிலும் இந்த செட்டுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 230 வோல்ட் அது. சில ரிங்கிட்டுக்கு அடாப்டர் கிடைக்கிறது, அன்றைக்கே வாங்கி மாட்டினேன். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவதைப் பற்றி அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மேகம் கறுத்தாலே பிடுங்கிவிடுவார்.

புளூடூத் இருக்கும்போது ஒயர் எதற்கு என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்விதான். புளூடூத் ரிசீவர் சின்னதாய்க் கிடைக்கிறது, அதையும் இதே ஆக்ஸ் துளையில், இதே மாதிரி ஒயரில்தான் மாட்ட வேண்டும். கைப்பேசியில் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. அப்பாவுக்குப் பாட்டு நடுவே அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், அப்புறம் மறுபடி இணைக்கத் தெரியாது. ஒயர் என்றால் கண்ணுக்குத் தெரியும். மாட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும்.

சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தது. உள்ளே தூசி. காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி அடித்து, குமிழை இருபது முப்பது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினேன், சரியாகிவிட்டது. ஸ்பீக்கர் ஒன்றில் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரைப் பட்டை ஒரு விரல் அளவுக்கு உதிர்ந்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அதை மாற்ற வேண்டும். அதுவரை அடிச்சத்தம் அதிகம் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்புகிற நாள். காலையில் எழுந்து வந்தபோது அப்பா முன்னமே குளித்துவிட்டு செட் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஐபாட்டின் சக்கரத்தில் விரலைச் சுற்றிப் பழகுகிறார். எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஆரம்பித்தது. தோட்டத்தில் ஆடி மாதம் விடிகாலையில் கோயில் பக்கமிருந்து வருமே, அந்தப் பாட்டு. அப்பா குமிழைத் திருப்பினார். இன்னும் திருப்பினார். வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “பெரியப்பா, திருவிழாவா?” என்று கேட்டார். அப்பா வாசலுக்குப் போய், தன் செட்டைப் பற்றியும் 1987-ஐப் பற்றியும் அவரிடம் கால் மணி நேரம் பேசினார். அம்மா சமையலறையிலிருந்து கூடவே பாடினார். அவர் பாடி நான் எத்தனையோ வருடம் கேட்டதில்லை. இரண்டாவது சரணத்தில் வரி மறந்து, ஈஸ்வரிக்குப் பின்னால் ஒரு சொல் தள்ளி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

போவதற்கு முன், எந்தப் பக்கம் எதைத் திருப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டலாம் என்று பேனாவைத் தேடினேன். அம்மா தேவையில்லை என்றார். சாமி மேடையிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, ரேடியோ, டேப், ஆக்ஸ் என்று மாற்றுகிற குமிழில், ஆக்ஸுக்கு நேரே ஒரு பொட்டு வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“சத்தம் எது வரைக்கும் போலாம்?”

உதிர்ந்த நுரைப் பட்டையை நினைத்துக்கொண்டு, குமிழைப் பாதிக்கும் கொஞ்சம் கீழே காட்டினேன். அங்கே இன்னொரு பொட்டு வைத்தார்.

நேற்று ராத்திரி தொலைபேசியில் பேசினேன். பின்னால் பாட்டுச் சத்தத்தில் அம்மா சொல்வது பாதி கேட்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேள்வியை இரண்டு தடவை கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

“பொட்டத் தாண்டி வச்சிருக்காரு” என்றார்.